விருந்தாளி போகும்வரை

கழிவறைக்குள் அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா காத்து நின்றாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப்பெண் சின்னவளுக்குக் கை ஓடவில்லை. அந்த அம்மாள் வந்து இறங்கி, கொடுத்த தேநீரைக்கூட இன்னும் முழுசாகக் குடித்து முடிக்கவில்லை.

"என்ன சம்பந்தி, உள்ள ஏதாவது அடைச்சுக்கிச்சா?"

"இல்லைங்க, இல்லைங்க. ஒரு நிமிஷம். பல்லி ஒண்ணு விழுந்து கிடக்கு."

"பல்லிக்கு இவ்வளவு தண்ணியா? பாவம், அது நீச்சல் கத்துக்கிட்டு வெளிய வரப் போகுது."

அம்மா முழங்கை வரை நனைந்து வெளியே வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தாள். விருந்தாளி உள்ளே போய்த் தாழ் போட்டதும் அந்தச் சிரிப்பு உதிர்ந்துவிட்டது. நேராக அடுப்படிக்கு வந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"போனா, நல்லாத் தண்ணி ஊத்திட்டு வரணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஊத்தினேன் அத்தை."

"ஊத்தின லட்சணம்! ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு நிக்குது. கொலை நடந்த இடம் மாதிரி."

பல்லி ஒன்றும் விழவில்லை. அண்ணிக்குக் காசநோய். கோடையில் தொடங்கிய இருமல் விடாமல், உடம்பு குச்சியாகி, கடைசியில் அண்ணன் அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். அங்கே ஆறு மாசத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று சிவப்பு. "அது உள்ள போனா சிறுநீர் சிவப்பாப் போகும். கண்ணீர்கூட நிறம் மாறும். பயப்படாதீங்க, அது மருந்தோட நிறம்தான். நிறுத்த மட்டும் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணி பயப்படவில்லை. "நீங்க எல்லாரும் கறுப்பு வெள்ளை. நான் மட்டும்தான் இந்த வீட்ல கலர் படம்" என்று சின்னவளிடம் கண்ணடித்தாள்.

பயந்தவள் அம்மாதான். அவளுடைய பயம் நோயைப் பார்த்து அல்ல. 'சீக்குக்கார வீடு' என்று ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? சின்னவளுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. வெளியூர்ச் சம்பந்தம். நல்ல இடம், நல்ல பையன் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதனால் மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டு, சத்து மாத்திரை டப்பா ஒன்றுக்குக் குடிபெயர்ந்தன. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா என்று பார்க்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த சுகாதாரப் பணியாளரை அம்மாவே பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சந்தித்தாள். "வீட்டுக்கு வராதீங்கம்மா. உங்க பையைப் பார்த்தாலே தெருவுக்கே தெரிஞ்சிடும். எங்க மருமக கடிகாரம் மாதிரி போடுறா" என்று அங்கிருந்தே திருப்பி அனுப்பினாள்.

இப்படி எல்லா ஓட்டையையும் அடைத்தாகிவிட்டது என்று அம்மா மூச்சு விட்ட நேரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணில் புரை. நல்ல கண் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. "நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு லாட்ஜ்?" என்று மாப்பிள்ளை சொன்னாராம். இந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு கழிவறை.

வந்த அன்று மத்தியானம் அம்மா பீட்ரூட் வாங்கி வந்தாள். மறுநாளும் வாங்கினாள். பொரியல், குழம்பு, பச்சடி என்று வீடே சிவந்து கிடந்தது. எல்லாரும் பீட்ரூட் தின்றால் யாருக்கு எந்த நிறத்தில் போனாலும் கேள்வி வராது என்பது அவள் கணக்கு.

"எனக்கு பீட்ரூட் ஆகாது சம்பந்தி. நீங்க சாப்பிடுங்க" என்று விருந்தாளி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கை கழுவும் சாக்கில் எழுந்து போய்ச் சின்னவள் காதில் சொன்னாள்: "உன் மாமியாருக்கு எதிர்ல நிக்கிறது நானா கதவான்னே தெரியல. காலைல என்னை 'தம்பி'ன்னு கூப்பிட்டாங்க. இவங்களுக்கா என் கலர் தெரியப் போகுது? உங்க அம்மா சும்மா கிடந்து தவிக்கிறாங்க."

சின்னவளும் சிரித்தாள். ஆனால் அம்மா அதையும் யோசித்து வைத்திருந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள், விருந்தாளி தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு அண்ணியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இப்பல்லாம் இருமலே இல்லையே உனக்கு."

"இல்ல அத்தை."

"உடம்பும் தேறியிருக்கு. அப்ப வளையல் முழங்கை வரைக்கும் ஏறும். இப்ப பாரு, கச்சிதமா நிக்குது."

"ஆமா அத்தை."

"நாளைக்கு அவங்களுக்கு ஆபரேஷன். கட்டு பிரிச்சா எல்லாம் பளிச்சுனு தெரியுமாம். எறும்பு போறதுகூடத் தெரியுமாம். அவங்க ஊருக்குக் கிளம்புற வரைக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தி வச்சுக்க. மத்ததெல்லாம் வழக்கம்போலப் போடு. அவங்க போனதும், விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டுக்கலாம். மாத்திரை எங்க ஓடிடப் போகுது?"

அண்ணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னவள் வேலை பார்த்தது ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில். நாள் முழுக்க மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பில் போடுகிறவள். சிவப்பு மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் அளவுக்குத் தெரியாது. ஆனால் நிறுத்தக் கூடாது என்று தெரியும். கடை முதலாளி வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம்.

"நீ சொல்லு. உனக்குத்தானே மருந்துக்கடை. போடவா, வேண்டாமா?" என்றாள் அண்ணி.

அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது, அப்பா இல்லாமல் வளர்த்த பிள்ளையைக் கரை சேர்த்துவிட வேண்டுமே என்கிற கெஞ்சல். சின்னவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கடைக்கு நேரமாயிடுச்சு அண்ணி. சாயங்காலம் பேசலாம்."

சாயங்காலம் அவள் பேசவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணி டப்பாவைத் திறந்து வெள்ளை மாத்திரைகளை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அண்ணன் அதைப் பார்த்தான். லாரி புக்கிங் ஆபீசில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவன். வீட்டுக்குள் நுழைந்தால் அவனுக்கு வாயே இருக்காது. "சரி, கல்யாணம் முடியட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. மறுநாளே கட்டைப் பிரித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். அதை விடும் வேலை அண்ணிக்கு. அம்மா அதில் மட்டும் மகா கண்டிப்பு.

"மணியாச்சு பாரு. சொட்டு மருந்து விட்டியா? ஒரு வேளைகூடத் தவறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மருந்து விஷயத்துல அலட்சியமே கூடாது."

"இதோ அத்தை" என்று அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். விருந்தாளியின் தலையைத் தன் தோளில் சாய்த்து, இமையை இரண்டு விரலால் விரித்து, ஒரு சொட்டு. "அசையாதீங்க. அசைஞ்சா மூக்குல விட்டுருவேன்." கண்ணில் மருந்து எரிகிற போதே அந்த அம்மாள் சிரிப்பாள். "உங்க மருமக கை பூ மாதிரி சம்பந்தி. எனக்கு ஒரு பொண்ணு இருந்தாக்கூட இப்படிப் பார்க்க மாட்டா. இவகிட்ட வளர்ந்த பொண்ணு என் வீட்டுக்கு வர்றது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" அதைக் கேட்டு அம்மாவின் முகம் மலரும். சின்னவள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

மறுபடி கண்ணைக் காட்டப் போனபோது, அடுத்த கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். "மறுபடி எதுக்கு அலையணும்? இருந்து ரெண்டையும் முடிச்சுக்கிட்டே போயிடறேன். உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! இது உங்க வீடு" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் கண் அலமாரியில் இருந்த டப்பாவுக்குப் போய் வந்தது. சின்னவள் அதைக் கவனித்தாள்.

விருந்தாளி கிளம்பியபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. பஸ் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா ஓடிவந்து டப்பாவைத் திறந்தாள். "போடு. விட்டதையெல்லாம் சேர்த்துப் போடு." அண்ணி சேர்த்துப் போட்டாள். வயிறு புரட்டி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். "என்னடி இது, ஒத்துக்கலையா?" என்று அம்மா பயந்துபோய் எல்லா மாத்திரையையும் சில நாள் நிறுத்தி வைத்தாள். இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு சமைக்கும்போது, பேசும்போது, சிரிக்கும்போது. கல்யாணத்துக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்த நாளில் அண்ணி கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகியதைச் சின்னவள் பார்த்தாள். அதில் இருந்த சிவப்பு நிறம் மாத்திரையால் வந்தது அல்ல.

அரசு மருத்துவமனையில் அதே டாக்டர்தான் இருந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். அம்மா "விடாமத்தான் போட்டா" என்றாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அரைகுறையா மருந்து போயிருக்கு. கிருமிக்கு அது பழகிப்போச்சு. இனிமே பழைய மாத்திரை கேட்காது" என்றார் டாக்டர். புது மருந்து தொடங்கினார்கள். அது நீண்ட காலம் போட வேண்டிய மருந்து. அதற்குள் அண்ணியின் நெஞ்சில் பாதி போய்விட்டிருந்தது.

கல்யாண வீட்டில் இருமுகிற மருமகளை எங்கே ஒளித்துவைப்பது? அண்ணியை அவளுடைய பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளுடைய அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனாள். ஆட்டோவில் ஏறும்போது அண்ணி சின்னவளின் கன்னத்தைக் கிள்ளக் கையைக் கொண்டுவந்தாள்; பாதியில் நிறுத்தி, வெறுமனே ஆட்டிவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா புதுக் கண்களோடு கூட்டத்தைத் துழாவினாள். "என் கண்ணுக்கு மருந்து விட்ட மகராசி எங்க? அவளைத்தான் முதல்ல பார்க்கணும்னு வந்தேன்."

அம்மா ஒரு கணம்தான் தடுமாறினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்றை வரவழைத்துக்கொண்டு, "முழுகாம இருக்கா. ரொம்ப நாள் கழிச்சுத் தரிச்சிருக்கு இல்லையா, அசையவே கூடாதுன்னுட்டார் டாக்டர். அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சின்னவள் அம்மாவின் வாயையே பார்த்தாள். பிள்ளை இல்லை, பிள்ளை இல்லை என்று அண்ணியை நாலு வருஷமாகக் குத்திக்கொண்டிருந்த வாய் அது. இப்போது ஒரே வார்த்தையில் அவளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டது.

புகுந்த வீட்டில் சின்னவளை நன்றாகவே வைத்துக்கொண்டார்கள். அவள் இப்போது 'அத்தை' என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், புதுப் பார்வை வந்த உற்சாகத்தில் ஊசியும் நூலும் எடுத்து ஒரு குழந்தைச் சட்டை தைத்தாள். கழுத்தில் மஞ்சள் பூ. "உங்க அண்ணிகிட்ட கொடு. எந்தக் குழந்தையா இருந்தாலும் மஞ்சள் பொருந்தும்."

சின்னவள் அதை எடுத்துக்கொண்டு போனது அண்ணியின் பிறந்த வீட்டுக்கு அல்ல, அவளைச் சேர்த்திருந்த நெஞ்சக நோய் வார்டுக்கு. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்த நீளமான அறை. அண்ணி தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மட்டும் பழைய கண்கள்.

"முகமூடியை மேல இழுத்து விடு. மூக்கு வெளிய எட்டிப் பார்க்குது" என்றாள். பிறகு, "சரி, என்னைப் பத்தி அங்க என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

சின்னவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் முகமூடி நனைந்துவிட்டது.

அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "எத்தனையாவது மாசம்?"

"ஐயோ அண்ணி!"

"சொல்லுடி. நாளைக்கு யாராவது கேட்டா நான் தெரிஞ்சு வச்சுக்க வேண்டாமா?"

சின்னவள் சட்டையை வெளியே எடுத்தாள். அண்ணி அதை வாங்கி, விரித்து, தையலைத் தடவிப் பார்த்தாள். தன் முஷ்டியை அதற்குள் நுழைத்துக் கழுத்து வழியாக வெளியே கொண்டுவந்தாள். "பாரு, உன்னை மாதிரியே இருக்கு. வாயே திறக்க மாட்டேங்குது." சொன்ன பிறகு அவளுக்கே அது சுட்டது போலிருந்தது. முஷ்டியைப் பிரித்து, "சும்மா சொன்னேன்டி" என்று சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவள் சும்மா சொல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த மழைக்காலம் வருவதற்கு முன்பே அண்ணி போய்விட்டாள்.

சொன்ன பொய்க்கு ஒரு முடிவு வேண்டுமே. துக்கம் கேட்க வந்த சம்பந்தி வீட்டாரிடம் அம்மா, "பிரசவத்துல போயிட்டா. குறை மாசம். ரெண்டு உயிரும் போயிடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழுதது பொய்யில்லை. அழுகைக்குச் சொன்ன காரணம்தான் பொய். அத்தை வாய்விட்டு அழுதாள். "நான் தைச்ச சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட அந்தப் பிள்ளைக்குக் கொடுத்து வைக்கலையே!" அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணன் எழுந்து கொல்லைப்புறம் போனான். சின்னவள் எட்டிப் பார்த்தபோது, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு அவர்கள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு சின்னவளின் புகுந்த வீட்டுத் தெருவில் அண்ணிக்கு ஒரு கதை வளர்ந்தது. அத்தை யாரிடம் பேசினாலும் அந்தக் கதை வரும். கர்ப்பிணிகளுக்கு அவள் சொல்லும் புத்தியெல்லாம் இல்லாத அந்தப் பிரசவத்தில் போய் முடியும். சின்னவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருத்தி எப்படி வாழ்ந்தாள் என்பதைத்தான் மறைத்தார்கள் என்று நினைத்திருந்தாள். எதனால் செத்தாள் என்பதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்களே.

ஒரு நாள் மத்தியானம், கண்ணாடி போட்ட இளம் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். பொதுச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். வெயிலில் நடந்து வந்து முகம் கன்றியிருந்தது. அத்தை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க அண்ணன்தான் இந்த முகவரியைக் கொடுத்தார்" என்றாள் அந்தப் பெண் சின்னவளிடம். "நான் கேட்டதுக்கு அவர் பதிலே சொல்லல. 'என் தங்கச்சியைக் கேளுங்க, அவ சொல்லுவா'ன்னு மட்டும் சொன்னார். உங்க அண்ணி விஷயமாப் பேசணும். கொஞ்சம் தனியா உட்கார்ந்து பேசலாமா?"

"தனியா என்னத்துக்கு? நம்ம வீட்ல என்ன ரகசியம்?" என்றாள் அத்தை. "பாவம், தங்கமான பொண்ணு. பிரசவத்துல போயிட்டா. அதுல என்னம்மா ஆராய்ச்சி?"

அந்தப் பெண் சின்னவளைப் பார்த்தாள். நிலைமை அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி வீடுகளை நிறையப் பார்த்திருப்பாள் போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "பரவாயில்லைங்க. நான் இன்னொரு நாள் வர்றேன். வெளியில எங்கேயாவதுகூடப் பார்க்கலாம்."

சின்னவள் பேசாமல் இருந்திருந்தால் அவள் போயிருப்பாள். கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"உட்காருங்க" என்றாள் சின்னவள். "இங்கேயே கேளுங்க."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"நிச்சயமாத்தான்."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். "காசநோய்க்கு மருந்து எடுத்துக்கிறவங்க பாதியில ஏன் விடறாங்கன்னு ஊர் ஊராப் போய்க் கேட்டுக்கிட்டிருக்கோம். உங்க அம்மாவையும் பார்த்தேன். மருந்து ஒத்துக்கல, அதனாலதான் விட்டாங்கன்னு சொன்னாங்க. நிறைய வீட்ல இதேதான் சொல்றாங்க. எல்லாருக்கும் ஒத்துக்கலைன்னா, மருந்துல என்ன கோளாறுன்னு நாங்க தேடணும் இல்லையா?"

"காசநோயா?" என்றாள் அத்தை.

சின்னவள் அவள் பக்கம் திரும்பவில்லை. "மருந்து நல்லாத்தான் ஒத்துக்கிச்சு. இருமல் நின்னுச்சு, உடம்பு தேறுச்சு. எங்களுக்குத்தான் ஒத்துக்கல. வீட்ல விருந்தாளி வந்து தங்கியிருந்தாங்க. ஒரே கழிவறை. சிவப்பாப் போகுமே, பார்த்துடுவாங்களேன்னு நிறுத்தச் சொன்னோம். அவங்க இருந்த வரைக்கும் நிறுத்தி வச்சோம். எங்க அம்மா சொன்னாங்க. எங்க அண்ணன் பார்த்துக்கிட்டிருந்தார். போடவா வேண்டாமான்னு அண்ணி என்னைக் கேட்டாங்க. நான் வேலைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிப் போயிட்டேன்."

அந்தப் பெண் எதையும் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு விருந்தாளி?" என்று கேட்டாள் அத்தை. கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று. "என் கண்ணுல மருந்து விட்டாளே! அந்தக் கையாலயா?" எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் முகத்தில் அருவருப்பும் அழுகையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. "பிள்ளைச்சட்டை தைச்சுக் கொடுத்தேனே பாவி! அப்பவாவது சொல்லக் கூடாதா? குடும்பத்தோட சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்களே! அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இந்தக் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பேன்."

"நிறுத்தியிருக்கணும் அத்தை" என்றாள் சின்னவள். "அது நிக்கல. மாத்திரைதான் நின்னுச்சு."

அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் தணிந்த குரலில் பேசினாள். நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றாள். பயம் வேண்டாம், இருந்தாலும் குணமாகிற நோய்தான் என்றாள். "நீங்களும் அங்க தங்கியிருக்கீங்க. அதனால நீங்களும் பார்த்துக்கிட்டா நல்லதும்மா. இந்த ஊர் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கறாங்க."

"இங்கயா?" அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "தெரிஞ்சவங்க யாரும் வராத ஆஸ்பத்திரி ஏதாவது இருக்காம்மா?"

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அத்தை இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நல்ல உடை உடுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு, எங்கோ விசேஷத்துக்குப் போகிறவளைப் போல வாசலில் இறங்கினாள். எதிர்வீட்டு வாத்தியாரம்மா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, மாமியாரும் மருமகளும் காலங்காத்தால ஜோடி போட்டுக்கிட்டு?"

"சும்மா, ஆஸ்பத்திரி வரைக்கும்" என்றாள் அத்தை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வாத்தியாரம்மாவின் புருவம் உயர்ந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. சின்னவளின் முதுகில் வாஞ்சையாகக் கையை வைத்து, "எல்லாம் நல்ல விஷயம்தான். அப்புறம் சொல்றேனே" என்று வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

வாத்தியாரம்மாவின் முகம் மலர்ந்தது. "அடி சக்கை! எத்தனையாவது மாசம்?"

சின்னவளின் கால் நின்றுவிட்டது. முதுகில் இருந்த கை அவளை மெல்லத் தள்ளியது. அவள் நகரவில்லை.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னாள். "எங்க அண்ணி காசநோய்ல செத்துப்போனாங்க. நாங்க ஒரே வீட்ல இருந்தவங்க. எங்களுக்கும் இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கப் போறோம்."

பால்காரன் திரும்பிப் பார்த்தான். அத்தை முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வாத்தியாரம்மா வாளியோடு அப்படியே நின்றாள். ஓரடி பின்வாங்குவாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள்.

வாத்தியாரம்மா தன் வீட்டு வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்து, சின்னவளின் காதருகே குனிந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. யாருக்கும் சொல்லல" என்று கிசுகிசுத்தாள். "எந்த இடத்துலம்மா எடுக்கறாங்க? எப்ப வரணும்?"

சின்னவள் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொன்னாள்.